112 படிகள்: உடற்பருமன் உள்ள ஒரு மாணவியின் பத்து மாதப் பயிற்சி

## இதை எழுதுவதற்கான காரணம்

இலங்கை மலையகத்தில் ஹட்டனுக்கும் தலவாக்கலைக்கும் இடைப்பட்ட பகுதியில், தேயிலைத் தோட்டப் பிள்ளைகள் படிக்கும் ஒரு பாடசாலையில் உடற்கல்வி கற்பிக்கிறேன். எங்கள் பக்கத்தில் உடற்பருமன் என்று யாராவது பேச்செடுத்தால் ஆச்சரியமாகப் பார்ப்பார்கள். வயதுக்கேற்ற உயரம் இல்லாத பிள்ளைகள்தான் இங்கே பெரிய கவலை. 2016ஆம் ஆண்டின் குடித்தொகை மற்றும் சுகாதார அளவீட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் உயரம் குன்றியவர்கள் நாடு முழுவதும் 17.3 வீதம். தோட்டப்புறத்தில் மட்டும் 31.7 வீதம். தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான அதே லயங்களில் இப்போது வயதுக்கு மீறிய எடையோடு பிள்ளைகள் வளர்வதையும் பார்க்கிறேன். சில பிள்ளைகளிடம் இரண்டும் ஒன்றாகவே இருக்கின்றன: குட்டையான உயரம், கூடிய எடை.

இது அப்படி ஒரு மாணவியின் கதை. மாணவி, அவருடைய தந்தை, தந்தையின் தாய் மூவரின் சம்மதத்தோடு எழுதுகிறேன். அடையாளம் தெரியாமல் இருக்க சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். பயிற்சியின் அளவுகளையும் பரிசோதனை முடிவுகளையும் மாற்றவில்லை.

## பின்னணி

தரம் 9. வயது 14. தாய் வெளிநாட்டில் வீட்டு வேலை செய்கிறார். தந்தை ஆட்டோ ஓட்டுகிறார். பிள்ளையை வளர்ப்பது தந்தையின் தாய், அதாவது அப்பாயி. முப்பது வருடத்துக்கு மேல் கொழுந்து பறித்து ஓய்வு பெற்றவர்.

வீடு மேட்டு லயத்தில். பிரதான வீதியிலிருந்து லயத்துக்கு ஏற 112 கல்படிகள் இருக்கின்றன. பிள்ளை அந்தப் படிகளில் கால் வைத்தே நீண்ட காலம். காலையில் அப்பாவின் ஆட்டோ தோட்டப் பாதையால் சுற்றி லயத்து வாசல் வரை வரும், பாடசாலைக் கேட்டில் இறக்கிவிடும். மாலையிலும் அப்படியே. கொரோனா காலத்தில் பாடசாலை மூடிக் கிடந்த மாதங்களில் எடை ஏறத் தொடங்கியதாக அப்பாயி சொன்னார். தரம் 7 பாடசாலை மருத்துவப் பரிசோதனையில் "எடை அதிகம்" என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். அந்தக் காகிதத்தை வீட்டில் பத்திரமாக வைத்திருந்தார்கள். அதற்கு மேல் ஒன்றும் நடக்கவில்லை. யாரையும் குறை சொல்ல மாட்டேன். நானும்தான் அந்தக் காகிதத்தைக் கேட்டுப் பார்க்கவில்லை.

சாப்பாட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். காலையில் கோதுமை மா ரொட்டி மூன்று, நான்கு, கூடவே சம்பல். இடைவேளைக்கு ரோல்ஸ் அல்லது பணிஸ். ஒரு நாளைக்கு ஐந்து கோப்பைத் தேத்தண்ணி, ஒவ்வொன்றிலும் மூன்று கரண்டி சீனி. கணக்குப் பார்த்தால் தேத்தண்ணியில் மட்டும் 60 கிராம் சீனி போகிறது. ஒரு நாளின் மொத்தச் சக்தியில் சேர்க்கப்படும் சீனி 10 வீதத்துக்குள் இருக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். 2,000 கலோரி உண்பவருக்கு அது 50 கிராம். தேத்தண்ணி ஒன்றே அந்த எல்லையைத் தாண்டிவிட்டது.

## மார்ச்: மைதானத்தில் நடந்தது

இல்ல விளையாட்டுப் போட்டிக்கான பயிற்சி நேரம். எல்லாரும் மைதானத்தை இரண்டு சுற்று மெதுவாக ஓடிவர வேண்டும் என்றேன். இந்தப் பிள்ளை பின்தங்கியதும், "பரவாயில்லை, மெதுவா ஓடி வா" என்று சத்தம் போட்டேன். ஒன்றரைச் சுற்றில் நின்றுவிட்டாள். முகம் வெளிறி, வேலியோரம் உட்கார்ந்து வாந்தி எடுத்தாள். அருகில் போய் மணிக்கட்டைப் பிடித்து 15 வினாடி எண்ணினேன். 48. நிமிடத்துக்கு 192.

"நெஞ்சு வெடிக்கிற மாதிரி இருக்கு டீச்சர். எனக்கு ஏலாது."

அன்றிரவு ஒரு கணக்குப் போட்டேன். உச்ச நாடித் துடிப்பை மதிப்பிட, 208இலிருந்து வயதின் 0.7 மடங்கைக் கழிக்கும் வழி ஒன்று உண்டு. 14 வயதுக்கு அது 198. அப்படியென்றால் நான் "மெதுவா" என்று சொன்ன ஓட்டத்தில் அந்தப் பிள்ளையின் இதயம் உச்சத்தின் 97 வீதத்தில் அடித்துக்கொண்டிருந்தது. பக்கத்தில் அதே வேகத்தில் கதைத்துக்கொண்டு ஓடிய மெலிந்த பிள்ளைகளுக்கு அது வெறும் உடல் சூடாக்கல். ஒரே மைதானம், ஒரே வேகம். ஆனால் இரண்டு பிள்ளைகள் இரண்டு வேறு பயிற்சிகளைச் செய்திருக்கிறார்கள்.

அதற்கு இரண்டு வாரம் முன்பு இன்னொன்றும் நடந்தது. வகுப்பில் எடை பார்த்தபோது ஒருவர் எண்ணை வாய்விட்டுச் சொல்ல, இன்னொருவர் எழுதினார். 66 என்று கேட்டதும் பின்வரிசையில் சிரிப்பு. நான் அங்கேதான் நின்றேன், தடுக்கவில்லை. வாந்தி எடுத்த நாளுக்குப் பிறகு மூன்று வாரம் உடற்கல்விப் பாடத்துக்கு அந்தப் பிள்ளை வரவில்லை. வயிற்று வலி, தலைவலி என்று ஒவ்வொரு நாளும் ஒரு காரணம்.

## ஏப்ரல்: வைத்தியசாலையில் கண்டவை

புதுவருட விடுமுறைக்குப் பிறகு வீட்டுக்குப் போய் அப்பாவிடம் பேசினேன். வைத்தியரிடம் காட்டாமல் இனி ஓட விடமாட்டேன் என்று சொன்னேன். அவர் ஒரு நாள் ஆட்டோ ஓட்டத்தை விட்டுவிட்டு பிள்ளையை அழைத்துப் போனார். நானும் கூடப் போனேன்.

உயரம் 148 செ.மீ., எடை 66 கிலோ, உடல் நிறைச் சுட்டி (உயரத்தோடு ஒப்பிட்டு எடையைப் பார்க்கும் அளவு, BMI) 30.1. உலக சுகாதார நிறுவனத்தின் வளர்ச்சி அட்டவணைப்படி 14 வயதுப் பெண்பிள்ளைக்கு 27.3க்கு மேல் போனால் உடற்பருமன். இடுப்புச் சுற்றளவு 92 செ.மீ. அது உயரத்தில் பாதிக்குள் இருக்க வேண்டும், அதாவது 74க்குள். குருதி அமுக்கம் 128/78. பிள்ளைகளுக்கு, அமுக்கம் பார்க்கக் கையில் சுற்றும் பெரியவர்களின் பட்டி பொருந்தாமல் போகலாம் என்பதால் கையின் சுற்றைப் பார்த்துப் பட்டி மாற்றி இரண்டு முறை எடுத்தார்கள். வெறுவயிற்றில் இரத்தச் சீனி 104. நூறைத் தாண்டினால் கவனிக்க வேண்டும். ஓய்வு நிலையில் நாடி 92.

கழுத்தின் பின்பக்கம் கறுப்பாக, வெல்வெட் துணி போலத் தடித்திருந்தது. "குளிக்கும்போது தேய்க்கிறதே இல்ல" என்று அப்பாயி எத்தனையோ முறை ஏசியிருக்கிறார். பீர்க்கங்கூடு வைத்துத் தேய்த்துத் தோல் புண்ணாகியும் இருக்கிறது. அது அழுக்கு இல்லை, உடலில் இன்சுலின் சரியாக வேலை செய்யாததன் அடையாளம் என்று வைத்தியர் சொன்னபோது பிள்ளை தலையைக் குனிந்துகொண்டு அழுதாள். அன்று வைத்தியர் சொன்னவற்றில் பிள்ளைக்கு மிகப் பெரிய ஆறுதல் அந்த வார்த்தைதான் என்று நினைக்கிறேன்.

நான் எதிர்பாராத இரண்டு விஷயங்களும் வெளிவந்தன.

முதலாவது, இரத்தத்தில் ஒட்சிசனைக் கொண்டுசெல்லும் ஹீமோகுளோபின் 10.4. 12 முதல் 14 வயது வரையான பிள்ளைகளுக்கு 12க்குக் குறைந்தால் குருதிச் சோகை. குண்டாக இருக்கும் பிள்ளைக்கு இரத்தம் குறைவாக இருக்கும் என்று நான் நினைத்துப் பார்த்ததே இல்லை. சாப்பாடு கூடுதலாக உள்ளே போனாலும் அதில் இரும்புச்சத்து இருந்தால்தானே? போதாததற்குச் சாப்பிட்ட கையோடு தேத்தண்ணி. தேயிலையில் உள்ள துவர்ப்புப் பொருள்கள் கீரை, பருப்பு போன்றவற்றிலிருந்து கிடைக்கும் இரும்பை உடல் உறிஞ்சவிடாமல் பிடித்துக்கொள்கின்றன. தேயிலை மலையில் பிறந்து வளர்ந்த எனக்கு இதை ஒரு வைத்தியர் சொல்ல வேண்டியிருந்தது. மைதானத்தில் அந்தப் பிள்ளைக்கு அவ்வளவு மூச்சு வாங்கியதில் எடைக்கு ஒரு பங்கு, சோகைக்கு ஒரு பங்கு.

இரண்டாவது, முழங்கால் வலி. இடது முழங்கால் சில மாதங்களாக வலிப்பதாகப் பிள்ளை சொன்னதும் வைத்தியர் முழங்காலைப் பார்த்துவிட்டு உடனே இடுப்பு மூட்டைச் சுழற்றிப் பார்த்தார். பிறகு இரண்டு இடுப்புக்கும் எக்ஸ்ரே எடுக்கச் சொன்னார். எடை கூடிய வளரிளம் பிள்ளைகளில் தொடை எலும்பின் தலைப்பகுதி, எலும்பு வளரும் இடமான வளர்ச்சித் தட்டில் இருந்து வழுகி விலகிவிடுவது உண்டு. பிரச்சினை இடுப்பில் இருக்க, வலி முழங்காலில் தெரியும். கவனிக்காமல் ஓடவும் குதிக்கவும் விட்டால் மூட்டு நிரந்தரமாகக் கெட்டுவிடும், அறுவைச் சிகிச்சை தேவைப்படும். நல்ல வேளையாக இந்தப் பிள்ளையின் எக்ஸ்ரே சரியாக இருந்தது. ஆனால் நான் ஓடச் சொன்ன நாளில் எனக்கோ வேறு யாருக்கோ அது தெரியாது.

மாதவிடாய் ஒழுங்கில்லாமல் வருவதையும் பிள்ளை தனியாக வைத்தியரிடம் சொல்லியிருக்கிறாள். அதை ஆறு மாதம் கவனித்து முடிவெடுக்கலாம் என்றார். இரும்புச்சத்து மாத்திரை தொடங்கியது. "நொண்டினால், இடுப்போ தொடையோ வலித்தால், நெஞ்சு வலித்தால், தலை சுற்றினால் அன்றைக்கே நிறுத்துங்கள்" என்று வைத்தியர் என்னிடம் ஒரு துண்டில் எழுதித் தந்தார். அது இன்னும் என் குறிப்பேட்டில் ஒட்டியிருக்கிறது.

## "தினமும் அரை மணி நேரம் நடங்கள்"

கிளினிக்கில் எல்லாருக்கும் சொல்லும் அறிவுரை இது. நல்ல அறிவுரைதான். ஆனால் மேட்டு லயத்தில் நடப்பதற்குச் சமதரை எங்கே இருக்கிறது? லயத்து வாசலை விட்டு இறங்கினால் படி, ஏறினால் மலை. சமமான இடம் என்றால் காலையில் தொழிலாளர்கள் வேலைக்குக் கூடும் பெரட்டுக்களம், பாடசாலை மைதானம், மலையின் இடுப்பைச் சுற்றித் தேயிலைத் தொழிற்சாலைக்குப் போகும் ஸ்டோர் ரோட்டில் ஒரு துண்டு. அவ்வளவுதான்.

எனவே ஒரு மாலை அந்தப் பிள்ளையோடு நடந்து நாடியை எண்ணினேன். ஸ்டோர் ரோட்டில் பேசிக்கொண்டு நடந்தபோது 128. உச்சத்தின் 65 வீதம். உச்சத்தில் 64 முதல் 76 வீதம் வரை மிதமான பயிற்சி, 77இல் இருந்து 95 வரை கடுமையான பயிற்சி என்று வகுத்திருக்கிறார்கள். அப்புறம் படிகளில் ஏறச் சொன்னேன், ஓடாமல், தன் பாட்டில். 112 படிக்கு மூன்று இடத்தில் நின்றாள், 4 நிமிடம் 40 வினாடி ஆனது. மேலே போனதும் நாடி 180. அது 91 வீதம்.

நகரத்துப் பூங்காவில் நடை என்றால் மிதமான பயிற்சி. எங்கள் மலையில், 66 கிலோ எடையுள்ள 148 செ.மீ. உயரப் பிள்ளைக்கு வீட்டுக்கு ஏறுவதே ஓட்டப் பந்தயம். அவள் சோம்பேறி என்பதால் ஆட்டோவில் போகவில்லை. ஒவ்வொரு முறையும் படி ஏறுவது அவளுக்கு அத்தனை கடினமாக இருந்தது, அதனால் படியை விட்டு விலகினாள். விலக விலக இன்னும் கடினமானது. அந்த மாலையில் இது விளங்கியதும் எனக்கு அவள்மேல் இருந்த பார்வையே மாறிவிட்டது.

## எடுத்த முடிவும் அதற்கான காரணமும்

5 முதல் 17 வயது வரையானவர்களுக்குச் சராசரியாக நாளொன்றுக்கு 60 நிமிடம் மிதமானது முதல் கடுமையானது வரை உடலியக்கம் வேண்டும், வாரத்தில் மூன்று நாளாவது கடுமையான இயக்கமும் தசை, எலும்பை வலுப்படுத்தும் இயக்கமும் வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் 2020 வழிகாட்டல். அதுதான் போய்ச் சேர வேண்டிய இடம். எங்கிருந்து தொடங்குவது என்பதுதான் கேள்வி.

தீவிரத்தைப் பற்றிக் கொஞ்சம் படித்தேன். அமெரிக்காவின் ஜோர்ஜியாவில் 13 முதல் 16 வயதுவரையான உடற்பருமன் உள்ள பிள்ளைகளோடு எட்டு மாதம் நடத்திய ஓர் ஆய்வு 2002இல் வெளிவந்தது. கடுமையான பயிற்சி இதய, சுவாச வலுவை நன்றாக உயர்த்தியது. ஆனால் உடற்கொழுப்பைக் குறைப்பதில் மிதமான பயிற்சியைவிடக் கடுமையானது மேல் என்று காட்ட முடியவில்லை. நோர்வேயில் எடை கூடிய வளரிளம் பிள்ளைகளுக்குக் கொடுத்த இடைவெளிப் பயிற்சி வேறு மாதிரி: உச்ச நாடியின் 90 முதல் 95 வீதத்தில் நான்கு நிமிடம், பிறகு மூன்று நிமிடம் இலேசாக, இப்படி நான்கு முறை. அதிலும் வலு நன்றாக ஏறியது.

வைத்தியரும் நானும் இதைப் பேசி ஒரு முடிவுக்கு வந்தோம். கடுமையான முயற்சி இந்தப் பிள்ளைக்கு வேண்டும், ஏனென்றால் அவளுடைய அன்றாட வாழ்க்கையிலேயே படி இருக்கிறது, வலு ஏறாமல் அந்தப் படி இலேசாகாது. ஆனால் நான்கு நிமிடம் தொடர்ந்து என்பது இப்போது நடக்காது, அரை நிமிடத்தில் தொடங்கலாம். அதுவும் சோகை ஓரளவு தெளிந்த பிறகு. எடை குறைவதை இலக்காகச் சொல்வதில்லை என்றும் முடிவு செய்தோம். வளர்கிற பிள்ளை, உயரம் கூடும்போது எடை அப்படியே நின்றாலே முன்னேற்றம்தான்.

தீவிரத்தை அளக்க வீட்டில் கருவி எதுவும் இல்லை. எனவே பேச்சை வைத்து ஒரு அளவு சொல்லிக் கொடுத்தேன். பாட்டுப் பாட முடிந்தால் இலேசு. பேச முடியும், பாட முடியாது என்றால் மிதம். மூன்று நான்கு சொல்லுக்கு ஒரு தடவை மூச்சு வாங்கினால் கடுமை. ஒரு சொல்கூட வரவில்லை என்றால் நில். பிள்ளை இதை ஒரே நாளில் பிடித்துக்கொண்டாள். "டீச்சர், இப்ப நாலு சொல்லு" என்று மூச்சு வாங்கிக்கொண்டே சொல்வாள்.

## மே முதல் ஜூன் நடுப்பகுதி வரை

வாரத்தில் ஐந்து நாள், பாடசாலை விட்ட பிறகு ஸ்டோர் ரோட்டில் 20 நிமிட நடை, பேசிக்கொண்டு. ஆறு வாரத்தில் 35 நிமிடம் ஆனது. தனியாக அனுப்பவில்லை. சித்தப்பாவின் மகளும் கீழேயுள்ள பணிய லயத்துத் தோழி ஒருத்தியும் சேர்ந்தார்கள். மாலை ஐந்து மணிக்குள் முடித்துவிட வேண்டும் என்பது கட்டாயம், சிறுத்தை நடமாட்டம் உள்ள தோட்டம் அது. வாரத்தில் இரண்டு நாள் நாற்காலியில் உட்கார்ந்து எழுவது, சுவரில் கை ஊன்றித் தள்ளுவது, தண்ணீர் நிரப்பிய போத்தல்களைத் தூக்குவது.

சாப்பாட்டில் நான் கைவைக்கப் போனபோது அப்பாயி எழுந்து நின்றுவிட்டார். 1973, 74 காலத்து உணவுத் தட்டுப்பாட்டில் தோட்டங்கள் பட்ட பாட்டை அவர் சிறுமியாகப் பார்த்தவர்.

"கெழங்கும் எலைதழையும் அவிச்சுத் தின்னு கெடந்தோம் டீச்சரம்மா. என் தங்கச்சி அதுலதான் போனா. இந்தப் புள்ளைக்கு வயிறு நெறையக் குடுக்காதன்னு சொல்லுறீங்களா?"

அதற்கு நான் என்ன பதில் சொல்ல முடியும்? அன்று ஒன்றும் பேசாமல் திரும்பிவிட்டேன். அடுத்த வாரம் போய் வேறு விதமாகக் கேட்டேன்: பிள்ளைக்கு இரத்தம் குறைவாக இருக்கிறது, அதை ஏற்ற நீங்கள்தான் உதவ வேண்டும். அன்றிலிருந்து அப்பாயி எங்கள் பக்கம். சாப்பாட்டோடு தேத்தண்ணி நின்றது, ஒரு மணி நேரம் கழித்துத்தான். ஐந்து கோப்பை இரண்டானது, சீனி ஒரு கரண்டி. காலையில் ரொட்டி இரண்டு, கூடவே பருப்பும் வல்லாரையும். நெல்லிக்காயோ கொய்யாவோ ஒன்று. பசியோடு விடவில்லை, தட்டில் இருந்ததை மாற்றினார், அவ்வளவுதான்.

ஜூன் நடுவில் ஹீமோகுளோபின் 11.5.

## ஜூன் நடுப்பகுதிக்குப் பிறகு: படிகளில்

இனி படி. முதல் 30 படி வரை விறுவிறுவென்று ஏறுவது, ஏறக்குறைய அரை நிமிடம். அங்கே ஒரு சின்னத் திண்ணை மாதிரி இடம் இருக்கிறது, அதில் ஒன்றரை நிமிடம் முன்னும் பின்னும் நடப்பது. பிறகு மெதுவாக இறங்கி மறுபடியும். இப்படி ஆறு முறை, வாரத்தில் மூன்று நாள், இடையில் ஒரு நாளாவது இடைவெளி. மற்ற இரண்டு நாளும் ஸ்டோர் ரோட்டு நடை.

இறங்குவதில்தான் நான் அதிகம் கவனம் வைத்தேன். ஏறும்போது மூச்சுக்கு வேலை, இறங்கும்போது முழங்காலுக்கு வேலை. மழையில் கல்படி பாசி பிடித்து வழுக்கும். கைபிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக, அவசரமே இல்லாமல் இறங்கச் சொன்னேன். அட்டை ஏறினால்கூட கீழே வந்து பிடுங்கலாம், படியில் குனியாதே என்பேன்.

முதல் வாரத்தில் ஆறாவது ஏற்றத்தின் முடிவில் நாடி 176 முதல் 182 வரை. "நாலு சொல்லு" அளவு சரியாக அதோடு ஒத்துப்போனது. வாந்தியோ தலைச்சுற்றலோ இல்லை. உச்சத்துக்குக் கிட்டத்தட்ட அதே உயரம், ஆனால் அரை நிமிடத்தில் நிற்கலாம் என்பது அவளுக்குத் தெரியும். மார்ச் மாதம் மைதானத்தில் எப்போது முடியும் என்பதே தெரியாமல் ஓடினாள்.

## ஜூலை: தவறிப்போன பத்து நாள்

தென்மேற்குப் பருவமழை பிடித்துக்கொண்டது. மண்சரிவு எச்சரிக்கையால் பாடசாலை சில நாள் மூடப்பட்டது. நான் லயத்துக்குப் போகவில்லை. அந்த நேரத்தில் அப்பா கைத்தொலைபேசியில் ஏதோ வீடியோ பார்த்திருக்கிறார். வேர்த்து விறுவிறுத்தால்தான் கொழுப்புக் கரையும் என்று அதில் சொன்னார்களாம். காலையும் மாலையும் முழுப் படியையும் ஓடி ஏறி இறங்க வைத்திருக்கிறார், நான்கு நாள் தொடர்ந்து. ஐந்தாம் நாள் இடது முழங்கால் வீங்கிவிட்டது.

நான் போனபோது அவர் குற்ற உணர்ச்சியோடு நின்றார். "மூச்சு வாங்குனாத்தானே டீச்சர் எளைக்கும்? நல்லதுக்குத்தான் செஞ்சேன்." அவர் பொய் சொல்லவில்லை. மூச்சு வாங்க வேண்டும் என்பதை நான்தானே பிள்ளைக்குச் சொல்லிக் கொடுத்தேன். இடைநாள் ஓய்வு எதற்கு என்பதை அவருக்கு யாரும் சொல்லவில்லை. கடுமையான வேலைக்குப் பிறகு தசையும் மூட்டும் ஆற ஒரு நாளாவது வேண்டும், எடை கூடிய பிள்ளைக்கு ஒவ்வொரு படியிலும் முழங்கால் தாங்கும் சுமை பல மடங்கு என்று அன்று விளக்கினேன். வைத்தியர் இடுப்பை மறுபடி பார்த்தார், சரியாக இருந்தது. பத்து நாள் படி இல்லை. நாற்காலிப் பயிற்சி மட்டும்.

அதன் பிறகு வீட்டுச் சுவரில் ஒரு கலண்டர் தொங்கவிட்டோம். படி நாள் சிவப்பு, நடை நாள் பச்சை, ஓய்வு நாள் ஒன்றும் இல்லை. அடையாளம் போடும் பொறுப்பு அப்பாவுக்கு. மாதவிடாய் நாள்களில் பிள்ளை தானே தீர்மானிக்கலாம், காரணம் கேட்கக்கூடாது என்பதும் ஒப்பந்தம்.

## ஓகஸ்ட் முதல் பெப்ரவரி வரை

இதில் சொல்வதற்கு அதிகம் இல்லை, சீராகப் போனது. அரை நிமிடம் முக்கால் ஆனது, ஒக்டோபரில் ஒரு நிமிடம். ஆறு முறை எட்டானது. மழை நாள்களில் வகுப்பறை மண்டபத்தின் ஐந்து படியில் ஏறி இறங்கினார்கள். வாரத்தில் மூன்று சிவப்பு நாளில் சராசரியாக இரண்டரை நாள் நடந்திருக்கிறது என்று கலண்டர் காட்டுகிறது. நவம்பரில் ஒரு நாள் ஆட்டோ பழுது. பிள்ளை எதுவும் சொல்லாமல் படியேறி வீட்டுக்குப் போயிருக்கிறாள். அப்பாயிதான் மறுநாள் எனக்குச் சொல்லி அனுப்பினார்.

## கண்ட மாற்றங்கள்

பெப்ரவரியில், 15 வயது நிறைந்தபோது: உயரம் 149.5 செ.மீ., எடை 65.2 கிலோ, சுட்டி 29.2. அந்த வயதுக்கான எல்லை 28.2 என்பதால் இன்னும் உடற்பருமன் வகையில்தான் இருக்கிறாள். எடையை மட்டும் பார்ப்பவர் "பத்து மாதம் வேலை செய்து ஒரு கிலோகூடக் குறையவில்லையே" என்பார். ஒருவர் சொல்லவும் செய்தார்.

இடுப்புச் சுற்றளவு 92இலிருந்து 87. குருதி அமுக்கம் 118/74. வெறுவயிற்றுச் சீனி 97. ஹீமோகுளோபின் 12.3. ஓய்வு நாடி 78. கழுத்தின் கறுப்பு கொஞ்சம் மங்கியிருக்கிறது, போகவில்லை. மாதவிடாய் கடைசி நான்கு மாதம் ஒழுங்காக வந்ததாகச் சொன்னாள்.

112 படி: நிற்காமல் 2 நிமிடம் 10 வினாடி. மேலே நாடி 170. மார்ச்சில் ஒன்றரைச் சுற்றில் உட்கார்ந்த மைதானத்தை, தன் வேகத்தில் நான்கு சுற்று ஓடினாள்.

இவற்றில் எது பயிற்சியால், எது இரும்புச்சத்தால், எது குறைந்த சீனியால் என்று பிரித்துச் சொல்ல என்னால் முடியாது. எல்லாம் ஒன்றாக நடந்தன. ஒரே ஒரு பிள்ளை. படி ஏறும் வலு கூடியதில் பயிற்சிக்கு நேரடிப் பங்கு இருக்கிறது என்று மட்டும் துணிந்து சொல்வேன், ஏனென்றால் ஹீமோகுளோபின் ஒரு நிலைக்கு வந்த ஒக்டோபருக்குப் பிறகும் நேரம் குறைந்துகொண்டே வந்தது.

## இனி வேறு விதமாகச் செய்வது

எடை பார்ப்பது திரைக்குப் பின்னால், ஒவ்வொருவராக. எண்ணை வாய்விட்டுச் சொல்வதில்லை. இதை எங்கள் பாடசாலையில் இந்த வருடம் மாற்றிவிட்டோம், அதிபர் உடனே ஒத்துக்கொண்டார்.

எடை கூடிய பிள்ளையை ஓட விடுவதற்கு முன் முழங்கால், இடுப்பு, தொடை வலி உண்டா என்று கேட்கிறேன். நொண்டல் இருந்தால் வைத்தியசாலைக்கு, அதற்குப் பிறகுதான் மைதானம். பெண்பிள்ளை என்றால் சோகையையும் பார்க்கச் சொல்கிறேன், மெலிந்தவளோ குண்டானவளோ.

வகுப்புக்கு "இரண்டு சுற்று" என்று கொடுப்பதை விட்டுவிட்டேன். "பத்து நிமிடம், பேசிக்கொண்டு ஓடும் வேகம்" என்கிறேன். யார் எத்தனை சுற்று போனார்கள் என்று எண்ணுவதில்லை. வேகமாக ஓடும் பிள்ளைகள் முதலில் முணுமுணுத்தார்கள், இப்போது பழகிவிட்டார்கள். மீண்டும் இப்படி ஒரு பிள்ளையோடு தொடங்கினால் முதல் வாரமே அப்பாவையும் படிக்கு அழைத்துப் போவேன். பிள்ளைக்குச் சொன்ன அதே அளவை அவரும் தன் மூச்சில் உணர்ந்திருந்தால் ஜூலையில் அந்த முழங்கால் வீங்கியிருக்காது.

## தற்போதைய நிலை

பிள்ளை இப்போது தரம் 10. டியூஷன் கூடிவிட்டதால் சிவப்பு நாள் மூன்றிலிருந்து இரண்டாகக் குறைந்திருக்கிறது. காலையில் இன்னும் ஆட்டோதான், மாலையில் படி. போன மாத மழையில் மேல்பக்கம் மண் சரிந்து 60ஆம் படிக்கு மேலே கைபிடிக் கம்பி விழுந்துவிட்டது, இன்னும் திருத்தவில்லை. அதுவரை மேலே பயிற்சி வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன். கீழ் 60 படியில் செய்கிறார்கள், இப்போது ஐந்து பேர். அடுத்த இரத்தப் பரிசோதனை ஜூனில்.